மெரினா வியாபாரிகளின் ஊரடங்குக் கால ஆவணங்கள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட சென்னை மெரினா கடற்கரை, அவ்வாண்டு டிசம்பர் 14 அன்றுதான் பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. நடைப்பயிற்சிக்கு வருவோருக்கு அது ஒரு வசதிக்குறைவு. மணலில் சுண்டலும் பஜ்ஜியும் விற்றும், பலூன் சுடும் பலகை வைத்தும் பிழைத்தவர்களுக்கோ ஏறத்தாழ ஒன்பது மாத வருமான இழப்பு. கடைகளும் பேருந்துகளும் படிப்படியாக அனுமதிக்கப்பட்ட பின்னரும், பொழுதுபோக்கு இடம் என்ற வகைப்பாட்டினால் அவர்களுடைய பணியிடம் மட்டும் அடைபட்டே கிடந்ததை என்னால் நியாயமென்று ஏற்க முடியவில்லை.

தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் ரூ.10,000 கடன் பெற, விற்பனைச் சான்றிதழோ அடையாள அட்டையோ, அவை இல்லாதவர்களுக்கு உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதமோ வேண்டியிருந்தது. அட்டை கணவர் பெயரில் இருக்க, கடையை மனைவியே நடத்திவந்த குடும்பங்கள் என்ன செய்தன என்பதையே என் ஆய்வேட்டில் முதன்மையாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

ஆகவே, அக்காலத்தில் நிவாரணப் பணியிலோ வியாபாரிகள் சங்கங்களிலோ இருந்தவர்கள், கடன் விண்ணப்ப நகல், அபராத ரசீது போன்றவற்றை வைத்திருந்தால், உரியவரின் ஒப்புதலுடன், பெயரையும் எண்களையும் மறைத்துத் தனிச்செய்தியில் அனுப்பி உதவ வேண்டுகிறேன். நேரில் பேச இசைபவர்கள் இருப்பின், மாலை வியாபார நேரம் கெடாதபடி அவர்கள் சொல்லும் பொழுதில் வந்து சந்திக்கிறேன்.