பாதியில் நின்றுபோன முந்திரிகை வைன்: மதுவத்துக்கு (ஈஸ்ட்டுக்கு) என்ன குறை?

அறிவியல்நகர்_மாணவி:
வணக்கம். கிளிநொச்சியில் விவசாய பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். ஆய்வுக்காக யாழ்ப்பாணத்து இஸ்ரேல் புளூ இன முந்திரிகையில் (திராட்சையில்) வைன் போட்டிருக்கிறேன். பழம் நல்ல விலை என்பதால் சாறளவுக்குத் தண்ணீரும் விட்டு, சீனி போட்டு 24 பிரிக்ஸுக்குக் (சீனியின் செறிவைச் சொல்லும் அளவு) கொண்டுவந்தேன். முதலில் நன்றாக நுரைத்தது, அப்புறம் கூழ்முட்டை நாற்றம், இப்போது ஹைட்ரோமீட்டரில் 9 பிரிக்ஸோடு அசையாமல் நிற்கிறது. மதுவம் செத்துவிட்டதா? இன்னொரு பக்கற் ஈஸ்ட் போட்டால் சரிவருமா? ஆய்வுகூடத்தில் ஏசி இல்லை, பகலில் கடும் வெக்கை.

வவுனியாப்_பெடியன்:
தங்கச்சி, அநேகமாகச் செத்திருக்காது, பட்டினி கிடக்கிறது. நான் அவுஸ்திரேலியாவில் ஒரு வைன் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், இதே நாற்றத்தை இங்கேயும் பார்க்கிறோம். சாறளவுக்குத் தண்ணீர் விட்டவுடனேயே லீற்றருக்கு இருந்த நைதரசன் பாதியாகிவிட்டது, சீனியிலோ நைதரசன் கிடையாது. மதுவத்துக்கு வேலை அதே அளவு, சாப்பாடு பாதி. மதுவம் எடுக்கக்கூடிய நைதரசன் லீற்றருக்கு 140 மில்லிகிராமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு, சீனி கூடினால் அதுவும் கூட வேண்டும். முந்திரிகையில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு, ஆனால் ஒட்சிசன் இல்லாமல் மதுவத்தால் அதைப் பயன்படுத்த முடியாது, ஆகவே அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நைதரசன் தீர்ந்தால் கலம் புதுப் புரதம் செய்யாது. சீனியை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வில் இருக்கின்றனவே, அவை சிதைந்துபோகும், மாற்று வராது. அதனால்தான் உயிர் இருந்தும் சீனி இறங்குவதில்லை. நாற்றமும் இதே கதைதான். மதுவம் சல்பேற்றைச் சல்பைட்டாக்கி, நைதரசன் உள்ள ஒரு மூலக்கூறோடு இணைத்து மெதியோனின், சிஸ்டைன் செய்யும். அந்த மூலக்கூறு தட்டுப்பட்டால் சல்பைட்டு இணைய இடமில்லாமல் ஐதரசன் சல்பைட்டாக வெளியே வந்துவிடும்.

பரந்தன்_வயல்:
அப்படியென்றால் வயலுக்கு வாங்கின யூரியாவோ டி.ஏ.பியோ (டைஅமோனியம் பொஸ்பேற்று) ஒரு சிட்டிகை போட்டால் போதாதா? எங்கள் வீட்டுக் கொட்டிலில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

வவுனியாப்_பெடியன்:
தயவுசெய்து வேண்டாம் அண்ணை. யூரியா அற்ககோலோடு சேர்ந்து எதைல் காபமேற்று உண்டாகும், அது புற்றுநோய் ஆபத்து உள்ள பொருள். உரக் கடை டி.ஏ.பியில் கட்மியம் மாதிரியான பார உலோகங்கள் இருக்கலாம். உணவுத் தர டி.ஏ.பி வேறு, அதில் லீற்றருக்கு அரைக் கிராம் போட்டால் ஏறத்தாழ 100 மில்லிகிராம் நைதரசன் கிடைக்கும்.

அறிவியல்நகர்_மாணவி:
நன்றி அண்ணா. அப்படியானால் உணவுத் தர டி.ஏ.பி எடுத்து இப்போதே போடட்டுமா?

வவுனியாப்_பெடியன்:
இப்போது பிந்திவிட்டது. உங்கள் கணக்குப்படி 8 வீதமளவில் அற்ககோல் இருக்கும், இந்தக் கட்டத்தில் மதுவம் அமோனியத்தைச் சரியாக உள்ளெடுக்காது, மிச்சம் கெடுக்கும் கிருமிகளுக்குத்தான் போகும். சீனியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும் முன்பே அதைக் கொடுத்திருக்க வேண்டும். காய்ந்த ஈஸ்ட்டை நேரே போடவும் வேண்டாம், அற்ககோல் அடித்துப் போட்டுவிடும். தனிப் போத்தலில் கொஞ்சச் சீனித் தண்ணீரில் மதுவத்தை எழுப்பி, இந்த வைனைச் சிறிது சிறிதாக விட்டுப் பழக்கி, நுரைக்கும்போது முழுதையும் சேருங்கள். இடமும் குளிரவேண்டும். ஈரச்சாக்கு சுற்றி 25 பாகைக்குக் கிட்டக் கொண்டுவந்தாலே பெரிய வித்தியாசம், சூடும் அற்ககோலும் சேர்ந்தால் மென்சவ்வு ஓட்டையாகும்.

மடு_வீதி:
எங்கள் பக்கத்தில் பாண் ஈஸ்ட்டைக் கொதிக்கவைத்துச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன், அது பலன் தருமா?

வவுனியாப்_பெடியன்:
தரும், நல்ல வழி. செத்த மதுவத்தில் அமினோ அமிலம், விற்றமின், மென்சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரோல் எல்லாம் உண்டு. ஸ்டெரோலை மதுவம் தானே செய்ய ஒட்சிசன் வேண்டும், அதனால் தொடக்கத்தில் காற்றுப் படக் கலக்குவதும் முக்கியம்.

தங்கச்சி, உங்கள் ஆய்வுக்கு ஒன்று: தண்ணீர் விட்ட சாறையும் விடாத சாறையும், போமலினையும், முதலில் சோடியம் ஐதரொட்சைட்டால் பி.எச் 8.2 அளவுக்குக் கொண்டுவாருங்கள்; பிறகு போமலினைச் சாறில் சேர்த்து, பி.எச் இறங்கியதும் மறுபடி 8.2 வர எவ்வளவு சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும் என்று அளந்து (நியமித்து) பாருங்கள். மதுவம் எடுக்கும் நைதரசன் எவ்வளவு என்று கிட்டத்தட்டக் கிடைக்கும், பீடத்து ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். போமலின் நஞ்சு, கையுறை போட்டுப் புகையிழுக்கும் அறையில் செய்யுங்கள்.

அறிவியல்நகர்_மாணவி:
போமலின் இங்கே இருக்கிறது. திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் கேட்டு, இரண்டு சாறையும் நியமித்து எண்களை இங்கே போடுகிறேன்.