முறிந்த போல்ட்டை எடுக்கும் கருவி: ‘முறியாணிவாங்கி’ எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

பழைய வண்டிகளின் எஞ்சினில் தலை முறிந்து, தண்டு மட்டும் உள்ளே தங்கிவிட்ட போல்ட்டை வெளியே எடுக்கும் கருவியைப் பட்டறைகளில் ‘ஈசி அவுட்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் அகராதியில் இதற்கு இடவேண்டிய பெயராக இந்த இழையில் ‘திருகாணி அகற்றி’, ‘பிரித்தெடுப்பான்’ என்ற இரு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. முன்னது திருப்புளிக்கும் பொருந்தும். பின்னது வேதியியலார் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட சொல்லை ஒட்டியது. கருவி செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிடுவதே முறை என்பது என் கருத்து.

எம்8 போல்ட் (8 மி.மீ. விட்டமுள்ளது) ஒன்று முறிந்திருப்பதாகக் கொள்வோம். அதன் புரியின் (மரையின்) அடிவிட்டம், அதாவது புரியின் பள்ளத்தில் அளந்த விட்டம், ஏறக்குறைய 6.5 மி.மீ. முறிந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, நடுவில் ‘சென்டர் பஞ்ச்’ என்னும் கூர்முனைக் கருவியால் குறியிட்டு, ஏறத்தாழ 4 மி.மீ. துளை இடுகிறோம். நுனி சிறுத்து, புரி எதிர்த்திசையில் ஓடும் கருவியை அத்துளையில் வைத்து இடப்பக்கமாகத் திருகினால், அது திருகத் திருக உலோகத்தைக் கவ்வுகிறது. கவ்விய பின் அதே திருப்பத்தில் போல்ட்டும் கழன்று வருகிறது. முள்ளை எடுக்கும் கருவிக்கு ‘முள்வாங்கி’ என்று நம்மிடம் பெயர் இருக்கும்போது, இதை ‘முறியாணிவாங்கி’ எனலாம். போல்ட்டை ‘மரையாணி’ என்று எழுதும் வழக்கமும் உண்டாதலால், ‘ஆணி’ இங்கே அந்நியமாக ஒலிக்காது.

புரியின் திசையைக் குறிக்க ‘இடம்புரி’ போதுமே என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை விலங்கியலார் இடச்சுழிச் சங்கு என்றே வகைப்படுத்துகிறார்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் சிறு ஐயமும் கூடாத இடத்தில் இந்தக் குழப்பத்தை வரவழைக்க வேண்டாம். ‘எதிர்ப்புரி’ என்றால் வழக்கமான புரிக்கு மாறானது என்பது எவருக்கும் விளங்கும்.

அகராதி விளக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துவேன். எஞ்சினின் அலுமினியத் தலைப்பகுதியில் (சிலிண்டர் ஹெட்) இறுகிய எஃகு போல்ட் பெரும்பாலும் அரிப்பினால் பிடித்துக்கொண்டது. அலுமினிய ஆக்சைடு தான் உருவான உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால் புரிகளின் இடுக்கு நிரம்பிவிடுகிறது. ஆகவே முதலில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பிறகு தலைப்பகுதியைச் சூடாக்க வேண்டும்; ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் பிடி தளரும். இதைச் செய்யாமல் வாங்கியை முறுக்கினால், அதன் சரிந்த உடல் போல்ட்டின் மெல்லிய சுவரை வெளிப்புறமாகத் தள்ளி மேலும் இறுக்கும். அப்போது வாங்கியே உடைந்தால், அது கடினப்படுத்திய எஃகாதலால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. அதைவிடக் கடினமான கார்பைடு பிட்டையோ, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் மின்பொறி அரிப்பு முறையையோ நாட வேண்டியிருக்கும்.

எனவே ‘முறியாணிவாங்கி’ என்ற பதிவுக்கு நான் முன்வைக்கும் விளக்கம் இது: “துளையிட்ட முறிந்த போல்ட்டை, பிடி தளர்த்திய பின், கவ்வித் திருகி வெளியே எடுக்கும், நுனி சிறுத்த எதிர்ப்புரிக் கருவி.” முறிந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டைப் பற்றவைத்து (வெல்டிங் செய்து) திருகி எடுப்பது வேறு முறை என்பதால் அதற்குத் தனிப் பதிவு இடலாம். மாற்றுக் கருத்துள்ளோர் காரணத்துடன் எழுதினால் விளக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம்.