ரீஃபைனான்ஸ் அப்ரைசலில் 140 சதுர அடி விடுபட்டிருக்கிறது, உதவி தேவை

வணக்கம். நியூ ஜெர்சி, எடிசன். 1998இல் கட்டிய தனி வீடு. கடன் பாக்கி 4.32 லட்சம் டாலர். பிஎம்ஐ (கடன் கொடுப்பவரைக் காக்க நாம் கட்டும் காப்பீடு) இல்லாமல் ரீஃபைனான்ஸ் (பழைய கடனை அடைத்துப் புதுக் கடன்) செய்ய மதிப்பு 5.40 லட்சமாவது வர வேண்டும். அப்ரைசலில் (கடனுக்கான வீட்டு மதிப்பீடு) வந்தது 5.25 லட்சம், அதாவது கடன் வீட்டு மதிப்பில் 82 சதவீதத்துக்கு மேல். ரேட் லாக் (வட்டி விகித உறுதி) முடிய 12 நாள்தான்.

ரிப்போர்ட்டில் வீட்டின் அளவு 2,040 சதுர அடி. நான் வெளிச்சுவரில் டேப் பிடித்து அளந்ததில் 2,180. ஸ்கெட்ச் பக்கத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்தது: கராஜுக்கு மேலுள்ள 14க்கு 10 அறையே அதில் இல்லை, சுவர்க்கோடு நேராகப் போகிறது. மாடி ஹாலிலிருந்துதான் அந்த அறைக்கு வாசல், ஹீட்டிங் உண்டு. சாய்கூரைதான், ஆனால் பாதிக்கு மேல் 7 அடி உயரம், 5 அடிக்குக் குறைவான இடமே கிடையாது. ஏஎன்எஸ்ஐ (வீட்டின் பரப்பளவை அளக்கும் அமெரிக்கத் தரநிலை) முறைப்படி கணக்கில் வர வேண்டிய அறை. (பேஸ்மென்ட் தனியாகத்தான் வரும், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.)

கூரை, ஃபர்னஸ் மாற்றிய ரசீதுகளையும் பெர்மிட் நகல்களையும் அப்ரைசர் வீடு பார்க்க வந்த அன்றே அவரிடம் கொடுத்தேன். லோன் ஆபீசரிடம் போனில் சொன்னேன். எழுத்தில் மறுபரிசீலனை கேளுங்கள் என்றார். ஒரு அப்ரைசலுக்கு ஒரு தடவைதான் கேட்கலாம், ஐந்து ஒப்பீட்டு விற்பனைகள் (இதேபோன்ற வீடுகள் விற்ற விவரம்) வரை காட்டலாம். மூன்று வைத்திருக்கிறேன், மூன்றும் அப்ரைசல் தேதிக்கு முன்பே முடிந்தவை. அப்ரைசர் ஒப்பிட எடுத்த மூன்றில் ஒன்று டவுன்ஹவுஸ் (அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு), என்னுடையதுபோல் தனி வீடு அல்ல.

அந்த ஒரே வாய்ப்பில் அளவுப் பிழையை மட்டும் வைத்தால் போதுமா, விற்பனைகளையும் சேர்த்தே அனுப்ப வேண்டுமா?