ஸ்டீவியாவுக்குச் சொல்: 'இன்தழை', 'இன்தழைப் படிகம்'

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஸ்டீவியா என்ற இனிப்பு இலைச் செடிக்கும் அதிலிருந்து எடுக்கும் இனிப்பூட்டிக்கும் நம் சொற்பட்டியலுக்காக நான் முன்வைக்கும் சொற்கள் இவை. அதற்கு வந்த கேள்வி:

> சீனித்துளசி என்றே வழங்குகிறதே, புதுச்சொல் எதற்கு?

வழங்குகிறது, சரி. நர்சரியில் கேட்டாலும் அந்தப் பெயரில்தான் தருவார்கள். ஆனால் அந்தச் செடி துளசிக் குடும்பமே இல்லை. சூரியகாந்தி, சாமந்தியின் குடும்பம். பேச்சில் இருக்கட்டும், உணவு வேதியியல் சொற்பட்டியலில் வேண்டாம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தாவர இனிப்பூட்டி விற்கும் நிறுவனங்கள் தங்கள் பாரம்பரியம் என்று சொல்வது பெரும்பாலும் குவாரனி மக்களின் கதையை. பராகுவேயின் அமம்பாய் மலைப்பகுதியில் வாழும் அவர்கள், மாத்தே என்ற மூலிகைத் தேநீரின் கசப்பைத் தணிக்க இந்த இலையைச் சேர்த்தார்கள், மருந்திலும் கலந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'கஆ ஹேஎ': இனிக்கும் தழை. சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய மோயிசேஸ் பெர்த்தோனி 1899இல் இதை அறிவியலுக்கு விவரித்தார். செடியின் அறிவியல் பெயரில் இனப்பெயர் வேதியியலாளர் ரெபாவுதியிடமிருந்து வந்தது, 'ஸ்டீவியா' என்ற பேரினப் பெயரோ 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய மருத்துவர் எஸ்தேவேயிடமிருந்து. செடியை உலகுக்குக் காட்டிய குவாரனிகள் அந்தப் பெயரில் எங்குமே இல்லை. பயனில் பங்கு வேண்டும் என்று காயோவா, பாய் தாவிதெரா என்ற குவாரனிப் பிரிவினர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயரின் பொருளையாவது தமிழில் காப்பாற்றலாம் என்பது என் ஆசை.

அப்புறம், கதை இலையுடையது. பொட்டலத்தில் இருப்பது இலை அல்ல. காய்ந்த இலையை வெந்நீரில் ஊறவைத்து, கசடு நீக்கி, பிசின் நிரப்பிய குழாயில் செலுத்துகிறார்கள். பிசினில் ஒட்டும் கிளைக்கோசைடுகளை, அதாவது இலையின் இனிப்புச் சேர்மங்களை, ஆல்கஹாலால் கழுவி எடுத்துப் படிகமாக்குகிறார்கள். சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும் வெள்ளைப் பொடி அது. ஜப்பானின் மொரிதா நிறுவனம் 1971இல் இதை வணிகமாக்கியது. அமெரிக்காவில் தூய்மையாக்கிய இந்தப் பொடியை உணவில் சேர்க்கலாம், முழு இலையை இனிப்பூட்டியாகச் சேர்க்க அனுமதி இல்லை. ஆக, இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் வாசகர் ஏமாறுவார். சித்த மருத்துவத்தில் சீந்தில் கொடி வேறு, அதிலிருந்து எடுக்கும் சீந்தில் சர்க்கரை வேறு. அந்த முறையே இங்கும் போதும்.

வந்த பரிந்துரைகளில் 'இனிப்பிலை' அழகுதான். ஆனால் டப்பாவின் மேல் அச்சடித்தால் 'இனிப்பு இல்லை' என்று படிக்கத் தோன்றும். 'இன்னிலை' காதில் 'இந்நிலை' என்று விழுகிறது. 'தீந்தழை' இலக்கண சுத்தமானது, கேட்பவருக்குத் தீய்ந்துபோன தழை நினைவுக்கு வரும்.

ஆகவே செடிக்கும் இலைக்கும் 'இன்தழை'. 'இன்றழை' என்றே புணர வேண்டும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வார்கள். 'இன்தமிழ்' என்று எழுதுகிறோமே, அதே சலுகையை இதற்கும் தரலாம். பிரித்தெடுத்த பொருளுக்கு 'இன்தழைப் படிகம்'. 'சத்து' என்றால் ஊட்டம் என்று புரிந்துகொள்வார்கள், 'தூள்' என்றால் அரைத்த இலை என்று நினைப்பார்கள்.

ஒன்று தீரவில்லை. இதே கிளைக்கோசைடுகளை இப்போது ஈஸ்ட்டைக் கொண்டு நொதிக்கவைத்தும் எடுக்கிறார்கள், செடியே தேவையில்லை. அதையும் 'இன்தழைப் படிகம்' என்பது எனக்கு ஒப்பவில்லை. 'நொதியினிப்பி' என்று வைக்கலாமா? நுண்ணுயிரியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.