போக்காக் அச்சிட்ட நூலை வாசிக்க அரபி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். எட்வர்ட் போக்காக் (1604-1691) என்ற ஆங்கிலேயப் பாதிரியாரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். சிரியாவின் அலெப்போ நகரில் ஆங்கிலேய வணிகர்களுக்குப் பாதிரியாராக இருந்தபோது அரபியை ஊன்றிப் படித்தவர். 1648இல் ஆக்ஸ்ஃபோர்டில் எபிரேயப் பேராசிரியரானார். இத்தனை படித்தவர், சில்ட்ரே கிராமத்துச் சபையில் எளிமையாகத்தான் பிரசங்கம் செய்வாராம். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்ததே அதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ் எழுதி, 1655இல் போக்காக் வெளியிட்ட நூலில் மொழி அரபி, எழுத்து எபிரேயம். எழுத்துக் கூட்டிப் பார்க்கிறேன்: அலெஃப், லாமெத்... ‘அல்’ என்று வருகிறது. அதற்கப்புறம் பொருள் பிடிபடவில்லை. கூடவே இருக்கும் லத்தீன் மொழிபெயர்ப்பும் எனக்குப் புரியாது. அரபி நன்றாகத் தெரிந்தவர்கள் முதல் இரண்டு பக்கங்களுக்கு மட்டும் உதவுவீர்களா? நான் வாசித்துச் சொல்கிறேன், நீங்கள் பொருள் சொன்னால் போதும்.