புதுப்பிப்பு: ஒட்டிக்கொண்ட உட்கருக்களை எண்ணும் விவகாரம்

ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில், டாபி (டிஎன்ஏவை ஒளிரவைக்கும் சாயம்) இட்ட நுண்ணோக்கிப் படங்களில் பக்கத்துப் பக்கத்துச் செல் உட்கருக்கள் ஒட்டிப்போய் ஒன்றாக எண்ணப்படுகின்றன என்று கேட்டிருந்தேன் அல்லவா? தீர்ந்துவிட்டது.

பலரும் சொன்ன வாட்டர்ஷெட் (ஒட்டியவற்றை வெட்டிப் பிரிக்கும் கட்டளை) பாதிதான் உதவியது. அது கருப்பு வெள்ளைப் படத்தில் விளிம்பிலிருந்து உள்ள தூரத்தை மட்டுமே பார்த்து வெட்டுகிறது. வட்ட உட்கருவுக்குச் சரி. நீண்டு நெளிந்ததைத் துண்டாக்கிவிடுகிறது. கைகொடுத்தது ஸ்டார்டிஸ்ட் என்ற செருகுநிரல். ஃபிஜியின் அப்டேட் தளப் பட்டியலில் ஸ்டார்டிஸ்ட்டையும், அதற்குத் தேவையான சிஎஸ்பிடீப்பையும் டிக் செய்து நிறுவினால், ஒளிரும் உட்கருக்களுக்கென ஏற்கெனவே பயிற்றுவித்த மாடலும் கூடவே வந்துவிடும். பிரகாசம் குறைந்தவற்றைக்கூடத் தனித்தனியாகப் பிரித்தது. ஆனால் நரம்பு செல்லின் முழு உருவத்துக்கு இதை நம்பாதீர்கள். நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் கோடு இழுத்து எல்லையைக் காணும் முறை, கிளை விட்ட வடிவத்துக்கு ஒத்துவராது.

16 பிட் படத்தை 8 பிட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டவருக்கு: எண்ணிக்கைக்குப் பரவாயில்லை, ஒளிர்வை அளக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். 65,536 பிரகாசப் படிநிலைகள் 256 ஆகச் சுருங்கும். அதுவும் அப்போது திரையில் வைத்திருக்கும் பிரகாச வரம்பை வைத்துத்தான் சுருக்கும், படத்துக்குப் படம் ஒளிர்வின் அளவுகோல் மாறிவிடும். மூல டிஃப் படக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை பாருங்கள்.