குதிரையின் முன்னங்கால் எலும்பு பலத்தை ஸ்கேன் வைத்துப் பார்க்க முடியுமா?

மானூர் ரேக்ளா:

வணக்கம். மானூர் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். வண்டிப் பந்தயத்துக்காகப் போன வருடம் ஒரு குட்டி வாங்கினோம், ரேஸ் மைதானத்தில் ஓடுகிற ஜாதிதான், இப்போது மூன்று வயது நடக்கிறது. நான்கு மாதமாகக் காலையில் பழக்குகிறோம், பாதி தூரம் மண் ரோடு, மீதி தார் ரோடு. பத்து நாளாக எட்டு (ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலான வீச்சு) சுருங்கிவிட்டது. நொண்டுகிறது என்று சொல்ல முடியாது, ஆனால் பழைய வீச்சு இல்லை. நேற்று லாடம் அடிக்க வந்தவர் இடது முன்னங்காலைத் தூக்கிப் பிடித்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே நீள எலும்பின் முன்பக்கம் சுடுகிறது என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன், சுடத்தான் செய்கிறது.

எங்கள் ஊரில் மாட்டுக்குச் சினை பார்க்கும் ஸ்கேன் மெஷின் வைத்திருக்கும் ஒருவர், இதை வைத்தே எலும்பு பலமா பலவீனமா என்று சொல்லிவிடலாம் என்கிறார். வெளிநாட்டில் பந்தயக் குதிரைகளுக்கு அல்ட்ராசவுண்ட் வைத்து எலும்பைச் சோதிப்பதாக நானும் படித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதானா? சித்திரைக் கொடைக்கு ஒரு பந்தயம் பேசி வைத்திருக்கிறோம், இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது.

நெல்லை கால்நடை டாக்டர்:

தம்பி, முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு. இளங்குதிரைக்கு எட்டு சுருங்கி, அந்த எலும்பின் முன்பக்கம் சூடும் இருந்தால், எலும்பு தாங்குகிற அளவுக்கு மேல் வேலை போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரேஸ் பழகும் இரண்டு மூன்று வயதுக் குதிரைகளுக்கு ரொம்ப சகஜமாக வருவது இது. கவனிக்காமல் ஓட்டினால் சில குதிரைகளுக்கு அதே இடத்தில் மயிரிழை விரிசல் விழும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றல்ல. சினை பார்க்கும் மெஷின் படம் காட்டுவது. சதை வழியாக ஒலி வினாடிக்கு சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகும், எலும்பில் பட்டதும் பெரும்பகுதி அப்படியே திரும்பி வந்துவிடும். அதனால் திரையில் எலும்பு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும், அதற்குக் கீழே வெறும் இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து யாரும் எலும்பின் பலத்தைச் சொல்ல முடியாது. ஆனால் எலும்பின் மேல்பரப்பு சொரசொரப்பாகியிருக்கிறதா, பின்பக்க நரம்பில் (நாம் நரம்பு என்கிறோமே, தசைநாண்) நார் அறுந்து கரும்புள்ளி விழுந்திருக்கிறதா என்பதையெல்லாம் அருமையாகப் பார்க்கலாம். அதற்கும் மயிரை மழித்து, ஜெல் தடவி, குதிரைக் கால் பார்த்துப் பழகியவர் பார்க்க வேண்டும்.

நீங்கள் படித்தது வேறு கருவி. அதில் படமே வராது. எலும்பின் நீளவாக்கில் ஒரு முனையில் இருந்து ஒலியை அனுப்பி, மறுமுனைக்கு எவ்வளவு நேரத்தில் வந்து சேருகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். கெட்டியான எலும்பில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 4000 மீட்டர் போகும், எலும்பு இளகியிருந்தால் வேகம் குறையும். வயதானவர்களுக்குக் குதிகாலில் வைத்து எலும்புத் தேய்மானம் பார்க்கிறார்களே, அதே யோசனைதான். லியோ ஜெஃப்காட் என்ற கால்நடை மருத்துவர் 1980களிலேயே உயிருள்ள குதிரைகளின் இந்த எலும்பில் ஒலி வேகத்தை அளந்து எழுதியிருக்கிறார். ஆனால் அதில் ஒரு தடவை அளந்து வருகிற எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வயதைப் பொறுத்து மாறும், மேலே இருக்கும் தோலும் வீக்கமும் கணக்கைக் கெடுக்கும். அதே குதிரைக்கு, அதே இடத்தில், மாதாமாதம் அளந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால்தான் பிரயோசனம். உங்கள் குதிரைக்கு இப்போது வேண்டியது எக்ஸ்ரே. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். எலும்பில் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்கு போன பிறகுதான் எக்ஸ்ரேயில் வித்தியாசமே தெரியும். படம் சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே வண்டியில் பூட்டிவிடாதீர்கள்.

பழைய சைஸ், பாளையங்கோட்டை:

டாக்டர் சொன்னது சரி. நான் கிண்டியிலும் ஊட்டியிலும் இருபது வருடத்துக்கு மேல் ரேஸ் குதிரை லாயத்தில் சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆளாக, வேலை பார்த்தவன். எங்களுக்கு ஸ்கேன் எல்லாம் கை கண்ட பிறகுதான். தம்பி, காலையில் குதிரையை வெளியே எடுக்கும் முன்னால், தண்ணீர் ஊற்றும் முன்னால், புறங்கையை இரண்டு காலிலும் மாற்றி மாற்றி வையுங்கள். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், சூடு சரியாகத் தெரியாது. அப்புறம் காலை மடக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் எலும்பின் முன்விளிம்பை மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். வலிக்கிற இடம் வந்ததும் காதைப் பின்னால் மடக்கும், காலை வெடுக்கென்று இழுக்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள், எக்ஸ்ரே எடுப்பவருக்கு ரொம்ப உதவும்.

ஒரு பெண் குதிரை இருந்தது எங்களிடம், மூன்று நாளாக நான் சூடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. நாலாம் நாள் காலை ஓட்டத்தில் கால் முறிந்தது. சேணத்தை இறக்கும்போது மூன்று காலில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கும் எனக்கு அது மறக்காது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சங்கரன்கோவில் லாயம்:

தீனி என்ன கொடுக்கிறீர்கள் அண்ணே?

மானூர் ரேக்ளா:

கொள்ளு, அரிசித் தவிடு, பச்சைக்குக் கம்பு நேப்பியர் புல். தவிடு கொஞ்சம் தாராளமாகவே.

நெல்லை கால்நடை டாக்டர்:

நல்ல வேளை, கேட்டார். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. குதிரைக்குக் கால்சியம் எப்போதும் பாஸ்பரஸை விடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உடம்பு எலும்பில் இருந்தே கால்சியத்தை உருவும். நேப்பியரில் ஆக்சலேட் என்ற ஒரு உப்பு இருக்கிறது, தீனியில் வருகிற கால்சியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்றில் இருக்கும் கிருமிகள் ஆக்சலேட்டைப் பெருமளவு சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாடு தின்கிறதே என்று குதிரைக்கும் அதையே போடுவதில்தான் பலபேர் தவறுகிறார்கள். தவிட்டை படிப்படியாகக் குறைத்துவிட்டு குதிரை மசால் (லூசர்ன் என்கிற பசுந்தீவனம்) போடுங்கள், பெயரிலேயே குதிரை இருக்கிறது, கால்சியம் நிறைய.

மானூர் ரேக்ளா:

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை போய் வந்துவிட்டோம். அண்ணாச்சி சொன்னபடி அழுத்திப் பார்த்ததில் முழங்காலுக்கு நாலு விரல் கீழே காலை இழுத்தது, வலது காலில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயில் விரிசல் இல்லை, முன்பக்கம் மட்டும் எலும்பு லேசாகத் தடித்திருக்கிறது. ஸ்கேனில் பின்நரம்பு சுத்தம். ஆறு வாரம் ஓட்டம் கிடையாது, கையில் பிடித்து நடத்தினால் போதும், பிறகு மறுபடி எக்ஸ்ரே என்றார்கள். கொடைப் பந்தயத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன், அப்பாவுக்கு வருத்தம்தான்.

திரும்ப ஓட்டத்துக்குக் கொண்டுவரும்போது எப்படிப் பழக்குவது டாக்டர்? நெடுந்தூரம் மெதுவாகவா?

நெல்லை கால்நடை டாக்டர்:

நெடுந்தூரம் மட்டும் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தால் எலும்பு அந்த வேகத்துக்குத்தான் தயாராகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் நுனமேக்கர் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. நடையில் தொடங்கி, மண் தரையில், வாரத்துக்கு இரண்டு நாள் ரொம்பக் குறைந்த தூரத்துக்கு மட்டும் வேகம், அந்தத் தூரத்தையும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஒன்று, ஓய்வு முடிந்து வரும் எலும்பு பழைய பலத்தில் இருக்காது, மூச்சும் தசையும் சீக்கிரம் திரும்பிவிடும், எலும்பு பின்தங்கியே வரும். குதிரை துள்ளுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். தார் ரோடு கடைசியில்தான்.

பழைய சைஸ், பாளையங்கோட்டை:

புறங்கை வைப்பதை மட்டும் ஒரு நாளும் விடாதே தம்பி. மறு எக்ஸ்ரே எடுத்ததும் இங்கே வந்து எழுது, பார்த்துக்கொண்டிருப்பேன்.